இடது காலுக்கு வந்த கடிதம்

மனித குலம் இரண்டு வகை. பந்தியில் சாப்பிடுகிறவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, இவன் எப்போது மோர் வாங்குவான், எப்போது இலையை மடிப்பான் என்று பார்த்துக்கொண்டே இருப்பவர்கள் ஒரு வகை. அப்படி நிற்காதவர்கள் இன்னொரு வகை. முதல் வகையில் ஏறக்குறைய எல்லோரும் இருக்கிறார்கள். இரண்டாம் வகையில் கோமதிநாயகம் இருந்தான்.

இதை அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷம் பதினோரு மாத வாழ்க்கையில் அவன் எந்த நாற்காலிக்குப் பின்னாலும் நின்றதில்லை. எந்த நாற்காலியிலும் கைக்குட்டை போட்டு வைத்து, "ஆள் வருது" என்று சொன்னதில்லை. ஒரு நாட்டின் மானம் அதன் எல்லையில் இல்லை, அதன் பந்தியில் இருக்கிறது என்பது அவன் கருத்து. கல்லூரிப் பேச்சுப் போட்டியில் இதைப் பேசி மூன்றாம் பரிசு வாங்கியிருக்கிறான். கலந்துகொண்டது மூன்று பேர்.

இப்படிப்பட்டவனுடைய இடது காலுக்கு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மேல்படையிலிருந்து கடிதம் வந்தது.

மேல்படை என்பது சாதாரணப் படைக்கு மேலே இருப்பது. சாதாரணப் படை போக முடியாத இடத்துக்கு இவர்கள் போவார்கள். எங்கே போனோம் என்று போனவர்களுக்கே தெரியாது. அவ்வளவு ரகசியம். மேல்படைக்காரர் வீட்டுச் சுவரில் போட்டோ தொங்கும். போட்டோவில் முகம் இருக்காது. மீசை மட்டும் இருக்கும்.

அதில் சேர ஒரே ஒரு தகுதிதான். உடம்பில் பலத்த காயம் பட்டு ஆறியிருக்க வேண்டும். சாதாரணப் படை கோமதிநாயகத்தைத் திருப்பி அனுப்பியது அதே காரணத்துக்காகத்தான். இடது தொடை எலும்புக்குள் ஒரு முழக் கம்பி. முழங்காலில் எட்டு ஸ்க்ரூ. "வேற வேல பாரு தம்பி" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். மேல்படையின் விளம்பரத்தைப் பார்த்தபோது, அது தனக்காகவே அச்சடிக்கப்பட்டது என்று நாயகத்துக்குத் தோன்றியது. தன்னைப் பற்றி மூன்று பக்கம் எழுதினான். காலைப் பற்றி ஒரு வரி எழுதினான். மேல்படை அந்த ஒரு வரியை மட்டும் படித்திருந்தது.

கடிதம் வந்தபோது நாயகம் மைதானத்தின் ஓரத்தில், துருப்பிடித்த ரோலர் மேல் உட்கார்ந்திருந்தான். கையில் ஸ்டாப்வாட்ச். காலடியில் பதினோரு ஜோடிச் செருப்பு. ஓடுகிறவர்கள் படைத் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கும் அவனுடைய பழைய கூட்டாளிகள். நாலு சுற்று, ஆயிரத்து அறுநூறு மீட்டர், ஐந்தரை நிமிஷத்துக்குள். மூன்று வருஷம் அவர்களோடு அவனும் ஓடினான். கால் முறிந்த பிறகு செருப்பைப் பார்த்துக்கொண்டான். யாராவது அவன் பெயரைச் சொல்லி, அதற்குப் பிறகு செருப்பு என்ற வார்த்தையைச் சொல்லாமல் விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. எப்படிச் சொன்னாலும் அந்த வாக்கியத்திலும் செருப்பு வரும்.

தபால்காரர் மிக்கேல் அண்ணாச்சி சைக்கிளை ரோலரில் சாய்த்தார்.

"ஒன் இடது கால் எதுலே?"

நாயகம் காட்டினான். அவர் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"பதிவுத் தபால் வந்துருக்கு. கையெழுத்துப் போடச் சொல்லு."

"நான் போடுதேன் அண்ணாச்சி."

"ஒனக்கா வந்துருக்கு?"

கடிதத்தை நீட்டிக் காட்டினார். 'இடது கால், மே/பா கோமதிநாயகம், மாடத்தெரு' என்று தட்டச்சு செய்திருந்தது. அண்ணாச்சி பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்து, குனிந்து, கால் கட்டைவிரலில் மை தடவி, பதிவேட்டில் ஒற்றி எடுத்தார். பிறகு கடிதத்தைப் பாதத்தின் மேல் வைத்தார்.

"அடுத்தவன் தபாலப் பிரிக்கக் கூடாது, பாத்துக்க."

"அப்ப யாரு பிரிக்க?"

"அதுட்டக் கேட்டுப் பிரி."

நாயகம் காலைப் பார்த்தான். கால் ஆட்சேபிக்கவில்லை. பிரித்தான். 'அன்புள்ள இடது காலுக்கு, வரும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தேர்வுக்கு வரவும். துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம்.'

சனிக்கிழமை அவனுக்கு இருபத்து மூன்று முடிகிறது. மேல்படையின் வயது வரம்பு இருபத்து மூன்று. இதை விட்டால் இனி ரோலர்தான்.

முதல் சுற்று முடித்து வந்த வெள்ளத்துரை, ஓடிக்கொண்டே கேட்டான். "என்ன மாப்ள லெட்டரு?"

"மேல்படை. கூப்புட்டுருக்கான்."

இரண்டாம் சுற்றில் வந்தான். "ஒன்னையா?"

"கால்னு போட்டுருக்கு. எழுத்துப் பிழை."

மூன்றாம் சுற்றில் கொஞ்சம் மூச்சு வாங்கியது. "அப்ப நீ தொணைக்குப் போற."

நாயகம் பதில் யோசித்து வைத்தான். நல்ல பதில். மானம், எல்லை, பந்தி எல்லாம் வருகிற பதில். நாலாம் சுற்று முடிந்து வெள்ளத்துரை வந்து நின்றான்.

"வெள்ளிக்கிழம செருப்ப யாருட்டக் குடுத்துட்டுப் போவ?" என்று கேட்டான்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கண்டக்டர், காலுக்கு ஒரு முழு டிக்கெட் கிழித்தார். நாயகத்தைப் பார்த்து, "இத மேல தூக்கி வைக்க முடியாதா?" என்று கேட்டார். முடியாது என்று நாயகம் சொன்னான். "அப்ப ஓரமா வையும். ஏறி எறங்குறவுகளுக்கு இடிக்கும்."

நாயகம் தன்னை ஓரமாக வைத்துக்கொண்டான்.

மேல்படைக்குச் சொந்தக் கட்டடம் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் சொல்லக் கூடாது என்பதால், தேர்வை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். வாசலில் வாழை மரம் கட்டியிருந்தது. ஒரு அக்கா பட்டுச்சேலை உடுத்தி, பன்னீர்ச் செம்போடு நின்றாள்.

"பொண்ணு வீடா, மாப்பிள்ள வீடா?"

"காயம்."

"காயம் வலதுபக்கம் போங்க."

முழங்காலில் பன்னீர் தெளித்தாள். முழங்காலுக்குச் சந்தனம் வைத்தாள். நாயகம் கன்னத்தை நீட்டினான். "கூட வந்தவுகளுக்குக் கல்கண்டு மட்டும்தான்" என்றாள்.

வலது பக்கம் ஒரு தாழ்வாரம் போனது. கடைசியில் ஒரு மேஜை தெரிந்தது. நாயகம் அதை நோக்கி நடந்தான். அவன் பத்து அடி வைத்தால் தாழ்வாரம் பன்னிரண்டு அடி நீண்டது. கணக்குப் பார்த்தால் வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். சுவர் நெடுகச் சீரியல் விளக்கு பகலிலேயே எரிந்தது. கால் சீராகப் போய்க்கொண்டிருந்தது. நடந்தது கால். மூச்சு வாங்கியது அவனுக்கு. கொஞ்சம் நிற்கலாம் என்று நினைத்தான். கால் நிற்கவில்லை. அதனால் அவனும் நிற்கவில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது மன உறுதி போலத் தெரிந்திருக்கும்.

மேஜைக்குப் பின்னால் சுபேதார் கருத்தப்பாண்டி உட்கார்ந்திருந்தார். அவர்தான் டாக்டரும். நாற்காலி முதுகில் ஒரு வெள்ளைக் கோட்டு தொங்கியது. அதைப் போட்டால் டாக்டர், கழற்றினால் சுபேதார். கோட்டு இல்லாமல் இருந்தார்.

"எவம்லே அது?"

"கோமதிநாயகம், ஐயா."

பட்டியலில் விரலை ஓட்டினார். "இல்லியே."

"இடது கால்."

"அப்படிச் சொல்லு." எழுந்து நின்று காலுக்கு ஒரு சல்யூட் வைத்தார். பிறகு ஒரு படிவத்தைத் தள்ளினார். ஒரே கேள்விதான் இருந்தது. காயம் எப்படி ஏற்பட்டது?

இதற்கு நாயகத்திடம் தயாராக ஒரு பதில் இருந்தது. ஊர் முழுக்கச் சொல்லி, சொல்லி, நன்றாகப் பழுத்த பதில். 'நாட்டுக்குச் சேவை செய்யும் நோக்கத்தோடு, ஒன்பதடிப் பள்ளத்தை மூன்றாவது முறையாகத் தாண்டும்போது' என்று எழுதினான். முதலில் 'இரண்டாவது முறை' என்று எழுதி, அடித்து, மூன்றாவது ஆக்கினான்.

சுபேதார் படித்தார். கோட்டை எடுத்துப் போட்டார். குரல் மரியாதையாக மாறியது.

"எக்ஸ்ரே கொண்டு வந்துருக்கீங்களா?"

நாயகம் உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவர் அதைச் சீரியல் விளக்குக்கு முன்னால் பிடித்தார். கம்பி தெரிந்தது. எட்டு ஸ்க்ரூவும் தெரிந்தன. அவற்றுக்குக் கீழே ஒரு பந்தி தெரிந்தது.

நீளமான பந்தி. அவனுடைய அத்தை மகன் கல்யாணம். எல்லா நாற்காலியிலும் ஆள். எல்லா நாற்காலிக்குப் பின்னாலும் ஆள். நாயகம் மட்டும் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு, இந்தக் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான். அப்போது கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியானது. யாரும் பின்னால் நிற்காத நாற்காலி. கொள்கைக்குப் பொருத்தமான நாற்காலி. எக்ஸ்ரேக்குள் நாயகம் ஓடினான். நன்றாகத்தான் ஓடினான். ஐந்தரை நிமிஷத்துக்குள் வந்திருப்பான். வழியில் பாயாசம் கொட்டியிருந்தது.

விழுந்த இடத்தில் எக்ஸ்ரே கொஞ்சம் மங்கலாக இருந்தது. ஆனால் சேமியா தெளிவாகத் தெரிந்தது.

"பள்ளம் எங்க இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

நாயகம் தலையைச் சாய்த்து எக்ஸ்ரேயைப் பார்த்தான்.

"வேற கோணத்துல எடுத்துருக்கணும்" என்றான்.

டாக்டர் படிவத்தில் எதையோ எழுதினார். "பதினோரு மாசம் கட்டில்ல கெடந்துருக்கு. தொளை போட்டுருக்காங்க. கம்பி எறக்கியிருக்காங்க. அப்பறம் ஒரு நாளைக்கு ஒரு டிகிரின்னு மடங்கப் படிச்சிருக்கு. எவ்வளவு மடங்குது இப்ப?"

"நூத்திப் பதினெட்டு."

"உங்களக் கேக்கல." முழங்காலைப் பிடித்து மடக்கிப் பார்த்தார். "நூத்தி இருவது. ரெண்டு டிகிரி கொறச்சுச் சொல்லியிருக்கீங்க. பள்ளத்த மட்டும் கூட்டிச் சொல்லியிருக்கீங்க. இந்தப் பதினோரு மாசத்துல நீங்க என்ன செஞ்சீங்க?"

நாயகம் யோசித்தான். பார்க்க வந்தவர்களிடம் பள்ளத்தைப் பற்றிச் சொன்னான். முதலில் ஏழடியாக இருந்தது. சாத்துக்குடி கொண்டு வந்தவர்களுக்கு எட்டடி. ஹார்லிக்ஸ் கொண்டு வந்தவர்களுக்கு ஒன்பதடி.

"கூட இருந்தேன்" என்றான்.

"சரி. கால் வந்துருக்கு. ஆள் இன்னும் வரல."

"நான்தான் ஆளு."

"கூட வாறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க." டாக்டர் கோட்டைக் கழற்றினார். "மூச்ச இழுலே."

மார்பளவு எடுக்கிற நாடாவை அவன் மேல் சுற்றினார். ஐந்து சென்டிமீட்டர் விரிய வேண்டும். நாயகம் இழுத்தான். அவனால் முடிந்த அளவு இழுத்தான். தாழ்வாரத்தின் சுவர் இரண்டு பக்கமும் விலகியது. தூரத்தில் எங்கோ ஒரு வாழை மரம் சாய்ந்தது.

"மண்டபம் விரியுது" என்றார் சுபேதார். "நீ விரியலையே." அப்படியே குறித்துக்கொண்டார்.

மேஜைக்குப் பக்கத்தில் கோயில் வாசலில் இருக்கிற மாதிரி ஒரு மர அலமாரி இருந்தது. கட்டம் கட்டமாக. சில கட்டங்களில் முழு ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"காலக் கழத்தி ஓட விடு. நீ வேணும்னா உள்ள இருந்துக்க. டோக்கன் தாரேன்."

"நிக்கேன் ஐயா."

இடது கால் கழன்று வந்தது. வலிக்கவில்லை. செருப்பைக் கழற்றுவது மாதிரிதான் இருந்தது. சுபேதார் ஒரு மூங்கில் கம்பை அவன் அக்குளில் செருகி, நாற்பத்தேழு என்று எழுதிய தகர வில்லையைக் கையில் கொடுத்தார்.

கால் தாழ்வாரத்தில் போய், தரையில் சுண்ணாம்பால் போட்டிருந்த கோட்டுக்குப் பின்னால் நின்றது. செருப்போடு நின்றது. அது நாயகத்தின் பக்கம் லேசாகத் திரும்பியது. என்ன கேட்கிறது என்று அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. ஒரு வருஷத்து அனுபவம். குனிந்து செருப்பைக் கழற்றி வாங்கிக்கொண்டான். இன்னொரு கை தானாகச் சட்டைப்பைக்குப் போய் ஸ்டாப்வாட்சை எடுத்தது.

சுபேதார் விசில் ஊதினார். கால் ஓடியது.

ஒற்றைக் கால் எப்படி ஓடும் என்று கேட்கிறவர்கள் அன்று அங்கே இருந்திருக்க வேண்டும். முதல் நானூறில் கொஞ்சம் தயங்கியது. இரண்டாவதில் முழங்கால் நன்றாக உயர்ந்தது. தாழ்வாரம் அதற்காக நீளவில்லை. இருக்க வேண்டிய அளவுக்கே இருந்தது. எட்டு ஸ்க்ரூவும் சீரியல் விளக்கில் மின்னின. மூன்றாவது சுற்றில் நாயகம் தன்னை மறந்துவிட்டான்.

"கைய வீசு. கைய நல்லா வீசுலே" என்று கத்தினான்.

"அதுக்குக் கை இல்ல" என்றார் சுபேதார்.

"பழக்க தோஷம் ஐயா."

ஐந்து நிமிஷம் இருபத்தொன்பது விநாடி. கால் முறிவதற்கு முன்னால் நாயகம் ஓடியதிலேயே வேகமானது ஐந்து முப்பத்து நாலு. இதை அவன் சுபேதாரிடம் சொல்லவில்லை. ஸ்டாப்வாட்சை மட்டும் காட்டினான். அவன் வாயில் எதுவோ இனித்தது. சந்தோஷமாக இருக்கலாம். கல்கண்டாகவும் இருக்கலாம்.

சுபேதார் காலுக்கு உடுப்பு கொடுத்தார். பேன்ட்டில் பாதி. பச்சை நிறம், கூர்மையான மடிப்பு. ஒரு பூட்ஸ். கால் அதைப் போட்டுக்கொண்டு இடது பக்கக் கதவைத் திறந்து உள்ளே போனது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு அதற்குக் கண் இல்லை என்று நாயகம் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான்.

"ஐயா, நான்?"

"நீ என்ன?"

"எனக்கு நாளையோட வயசு முடியுது."

சுபேதார் அவனை முதல் முறையாக முகத்தில் பார்த்தார். அதில் கோபம் இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டவனைப் பார்க்கிற பார்வை.

"கடைசிச் சுத்து ஒண்ணு இருக்கு. உள்ள போயி உக்காரணும். உக்காந்தவன் மேல்படை. அவ்வளவுதான். ஓட வேண்டாம், தாண்ட வேண்டாம்."

இவ்வளவு எளிதா என்று நாயகத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கம்பை ஊன்றி இடது பக்கக் கதவைத் தள்ளினான்.

உள்ளே பந்தி நடந்துகொண்டிருந்தது.

இரண்டு வரிசை. நீள மேஜை, மேலே காகித விரிப்பு, வாழை இலை. நாற்காலிகளில் மேல்படை உட்கார்ந்திருந்தது. ஒரு முழங்கை இருந்தது. ஒரு காறையெலும்பு நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. நெருப்பில் வெந்து ஆறிய ஒரு காது. மூன்று விரல் மட்டும் உள்ள ஒரு கை மிக நாகரிகமாக அப்பளத்தை நொறுக்கியது. நடு நடுவே ஒன்றிரண்டு முழு ஆட்கள், எல்லா உறுப்புகளோடும், தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழாவது நாற்காலியில் அவனுடைய இடது கால் இருந்தது. முன்னால் இலை. அவரைக்காய்ப் பொரியல் பாதி தீர்ந்திருந்தது. கால் எப்படிச் சாப்பிடும் என்று கேட்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை.

ஒரு நாற்காலி கூடக் காலியில்லை.

நாற்காலிகளுக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒன்று குறைந்திருந்தது. அது அவர்களுக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

எட்டாவது நாற்காலிக்குப் பின்னால் நின்றவர், வலது தோள் இல்லாத ஒரு ஆள். லாரி டிரைவராக இருந்தவர், பெயர் ராமர்பாண்டி என்று அவரே சொன்னார். அவருடைய தோள் சாம்பாருக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தது.

"புதுசா?" என்று கேட்டார்.

"ஆமா. இங்க என்ன நடக்கு அண்ணாச்சி?"

"சாப்பாடு நடக்கு. அது எந்திரிச்சா நாம உக்காரணும். உக்காந்தா அது வந்து ஒட்டிக்கிடும். முழு ஆளாப் படையில சேத்துக்கிடுவாங்க."

"எம்புட்டு நேரமா நிக்கீங்க?"

"ஆறு வருசம்."

நாயகம் கம்பை மறு அக்குளுக்கு மாற்றிக்கொண்டான்.

"போன வருசம் வத்தக்குழம்பு வரைக்கும் வந்துட்டு. அப்பறம் மறுபடியும் சாம்பார் கேட்டுட்டு. என் தோளு எப்பவும் அப்படித்தான். பாரம் தூக்குன ஒடம்பு, பசிக்கும்லா."

"வயசு?"

"பந்தியில நிக்கிற நேரத்த எவன் வயசுல சேக்கான்? நில்லும் தம்பி. ஏழாம் நம்பர் ஒம்மதா? சும்மா சொல்லக் கூடாது, நல்ல காலு. இப்பத்தான் உக்காந்துருக்கு. பொரியல்ல இருக்கு."

நாயகம் கம்பை ஊன்றி நிமிர்ந்தான். பேசினான். மனித குலம் இரண்டு வகை என்று ஆரம்பித்தான். நாட்டின் மானம் எங்கே இருக்கிறது என்பதைச் சொன்னான். சாப்பிடுகிறவன் முதுகைப் பார்த்து நிற்பதைவிட ரோலர் மேல் உட்கார்ந்து சாகலாம் என்றான். கல்லூரியில் பேசியதைவிட நன்றாகவே பேசினான். அன்று போட்டி வைத்திருந்தால் இரண்டாம் பரிசு கிடைத்திருக்கும்.

பேசி முடித்ததும் ராமர்பாண்டி மட்டும் தலையாட்டினார். "நானும் மொத நாள் பேசுனேன்" என்றார். "என் பேச்சுல கொடியும் வரும்."

பரிமாறுகிறவர் கூட்டு வாளியோடு வந்தார். "வழி விடுங்க தம்பி" என்றார்.

நாயகம் வழி விட்டான். கதவைத் தள்ளி வெளியே வந்தான். தாழ்வாரத்தில் ஒற்றைக் காலும் கம்புமாக நடந்தான். இந்த முறை அது நீளவில்லை. மூன்று தத்தில் வாசல் வந்துவிட்டது. போகிறவர்களுக்கு மண்டபம் எப்போதும் சின்னதுதான் என்று அவனுக்குத் தோன்றியது. இதைப் பிறகு எங்காவது சொல்லலாம் என்று மனத்தில் குறித்துக்கொண்டான். யாரிடம் சொல்வது என்று அடுத்ததாகத் தோன்றியது. ரோலரில் உட்கார்ந்து, பதினோரு ஜோடிச் செருப்பிடம் சொல்லலாம். அவை பொறுமையாகக் கேட்கும்.

கையைப் பார்த்தான். பன்னிரண்டாவது ஜோடியின் இடது செருப்பு கையில் இருந்தது. காலினுடைய செருப்பு. கொடுக்க மறந்துவிட்டான்.

வாசலில் பன்னீர்ச் செம்பு அக்கா நின்றாள்.

"சாப்ட்டாச்சா?" என்று கேட்டாள்.

கல்யாண வாசலில் எல்லோரையும் எல்லோரும் கேட்கிற கேள்வி. கேட்கிறவர்கள் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்கள். இந்த அக்கா காத்திருந்தாள்.

ஒன்பதடிப் பள்ளம் என்று சொல்லலாமா என்று நாயகம் ஒரு நொடி யோசித்தான். அது இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை.

"இல்லக்கா" என்றான்.

"அப்ப எங்க போறீங்க?"

நாயகம் வாசலுக்கு வெளியே பார்த்தான். பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் அவனைப் பார்த்து, தூக்கி வைக்க இடம் இருக்கிறதா என்று மேலே பார்த்தார்.

"செருப்பு குடுக்கணும்" என்றான் நாயகம். "மறந்துட்டேன்."

திரும்பிப் போனான். தாழ்வாரம் நீண்டது. பத்து அடிக்குப் பன்னிரண்டு அடி. அவன் நின்று நின்று நடந்தான். சுபேதார் மேஜையிலிருந்து நிமிர்ந்து பார்க்கவில்லை. தகர வில்லையைக் காட்டச் சொல்லவும் இல்லை.

பந்தியில் சாம்பார் போய்க்கொண்டிருந்தது. நாயகம் ஏழாவது நாற்காலி வரை போனான். குனிந்து, செருப்பை நாற்காலிக்கு அடியில், பூட்ஸுக்குப் பக்கத்தில் வைத்தான். வைத்தாயிற்று. இனி போகலாம்.

அவன் நாற்காலியின் பின்னால் நின்றான்.

முதலில் சும்மா நிற்பது மாதிரி நின்றான். மேலே ஃபேனைப் பார்த்தான். சுவரில் மண்டபத்தின் விதிமுறைகள் எழுதியிருந்ததைப் படித்தான். யாரும் அவனைக் கவனிக்கவில்லை. பிறகு ஒரு கையை நாற்காலியின் முதுகில் வைத்தான். அவனுக்கு இடம் போதுமாக இருக்கட்டும் என்று ராமர்பாண்டி இல்லாத தோளைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டார்.

பரிமாறுகிறவர் பாயாச வாளியோடு வந்து, ஏழாவது இலைக்கு முன்னால் நின்றார். சேமியாப் பாயாசம். கால் தயங்கியது. முழங்கால் ஒரு டிகிரி பின்வாங்கியது.

நாயகம் குனிந்தான். வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான்.

"வாங்கிக்க. அவசரம் ஒண்ணும் இல்ல."

கால் வாங்கிக்கொண்டது.

கதவு திறந்தது. தகர வில்லையோடு ஒரு புது ஆள் உள்ளே வந்தான். மணிக்கட்டு இல்லாதவன். இரண்டு வரிசையையும் பார்த்தான். சிரித்தான். மனித குலத்தைப் பற்றி ஏதோ சொல்ல வாயைத் திறந்தவன், ஏழாம் நாற்காலியைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டுக் கிட்டே வந்தான்.

"இது யாரு எடம்?" என்று கேட்டான்.

நாயகம் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தான். நாலாக மடித்தான். நாற்காலியின் முதுகில் போட்டான்.

"ஆள் வருது" என்றான்.